ஓட்டு வீட்டில் கைமரம் இற்றுப்போனால்: கண்டுபிடிப்பது முதல் மாற்றுவது வரை

கும்பகோணம் பக்கத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டுக் கூரையை ஆசாரியுடன் கூடவே நின்று சரிசெய்தேன். அதற்குப் பிறகு உறவினர் வீடுகள் நான்கில் இதே வேலைக்குத் துணை நின்றிருக்கிறேன். புதிதாக இறங்குபவர்கள் எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான்: இற்றுப்போன மரத்தை மாற்றிவிடுகிறார்கள், அதை இற்றுப்போக வைத்த தண்ணீரை விட்டுவிடுகிறார்கள். மூன்று மழை கழித்து அதே இடத்தில் புது மரமும் போகிறது. அதனால் இந்த வேலையில் எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்பதுதான் முக்கியம். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

ஆரம்பிக்கும் முன் சில பெயர்கள். கூரையின் உச்சியில் நீளவாக்கில் ஓடுவது மோட்டுவளை. அங்கிருந்து சுவருக்குச் சரிந்து இறங்குபவை கைமரங்கள். பனையில் அறுத்தது என்றால் பனங்கை. கைமரத்தின் மேல் குறுக்கே அடித்து, ஓடு மாட்டும் சன்னச் சட்டம் ரீப்பர். இரண்டு சரிவுகள் உள்பக்கமாகச் சேரும் பள்ளம் கூடல்வாய். முற்றம் வைத்த வீட்டில் நான்கு மூலையிலும் கூடல்வாய் இருக்கும்.

1. எது தின்கிறது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

மரம் கெட்டால் எல்லாவற்றையும் ‘உளுத்துப்போச்சு’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் உளுப்பது வேறு, செல்லரிப்பது வேறு, இற்றுப்போவது வேறு. மூன்றுக்கும் மருந்து வேறு என்பதால் இதைப் பிரிக்காமல் காசு செலவழிக்கக் கூடாது.

உளுத்தல் என்பது வண்டு வேலை. மரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு வட்டத் துளைகள் இருக்கும். கீழே தரையில் மாவு மாதிரி தூள் கொட்டியிருக்கும். தூள் வெளிர் நிறத்தில் புதிதாக இருந்தால் வண்டு இப்போதும் உள்ளே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

செல்லரிப்பு கரையான் வேலை. சுவரிலிருந்து மண் குழாய் ஏறி வந்திருக்கும். மரத்தைத் திறந்தால் உள்ளே ரேகையின் போக்கில் கூடாகத் தின்று, மண் பூசி வைத்திருக்கும். மண் குழாயே இல்லாத கரையான் வகையும் உண்டு. அது காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும். கசகசா போன்ற சிறு மணிகள் கீழே விழுந்து கிடந்தால் அதுதான்.

இற்றுப்போவது பூஞ்சை வேலை. இங்கே தூளும் இருக்காது, மண்ணும் இருக்காது. மரம் பழுப்பேறிக் கருத்து, நீளவாக்கிலும் குறுக்கிலும் வெடித்து, சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். ஒரு கட்டத்தைப் பெயர்த்து விரலுக்கு இடையில் நசுக்கினால் காபித் தூள் மாதிரி உதிரும். கையில் எடுத்தால் எடையே இருக்காது. இன்னொரு வகையில் மரம் வெளுத்து, நார் நாராக, ஊறிய அட்டை போல ஆகியிருக்கும். இரண்டிலும் மழைக்காலத்தில் காளான் வாடை வரும்.

குளிர் நாடுகளில் ‘உலர் மக்கல்’ என்று பயந்து பேசும் பூஞ்சை ஒன்று உண்டு. ஈரத்தைத் தானே சுமந்துகொண்டு சுவர் தாண்டிப் பரவக்கூடியது. ஆனால் வெப்பம் 26 டிகிரியைத் தாண்டினால் அதன் வளர்ச்சி நின்றுவிடும் என்பதால் நம் சமவெளி ஓட்டுக்கூரைக்கு அது பிரச்சினை இல்லை. நம் கூரையில் காய்ந்து உதிர்வதைப் பார்த்து ‘வெயிலில் காய்ந்து போச்சு’ என்று நினைப்பதுதான் தவறு. காய்ந்து கிடப்பது இன்றைய நிலை. அது நனைந்து கிடந்த காலத்தில் கெட்டது. மரத்தில் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. எங்கே இற்றிருக்கிறதோ அங்கே தண்ணீர் வந்திருக்கிறது, இதில் விதிவிலக்கு கிடையாது.

இந்த வழிகாட்டி இற்றுப்போன மரத்துக்கு. ஆனால் ஈரமான மரத்தில்தான் கரையானும் சுலபமாக ஏறும், அதனால் இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

2. எப்போது செய்வது, என்ன வேண்டும்

பார்ப்பதற்கு ஒரு காலம், வேலை செய்ய ஒரு காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைக்குள் உட்கார்ந்து எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். வேலையை மாசியிலிருந்து சித்திரைக்குள் முடியுங்கள். மரம் நன்றாகக் காய்ந்திருக்கும், ஓட்டைப் பிரித்துப் போட்டாலும் பயம் இல்லை. மழை விட்டதும் தை முதல் வாரத்திலேயே ஆரம்பித்த உறவினர் ஒருவர், ஈரம் காயாத சுவருக்குள் புது மரத்தைச் சொருகினார். ஒரு மாதம் பொறுத்திருக்கலாம்.

சாமான்கள்: நல்ல டார்ச், கூர்மையான ஸ்க்ரூடிரைவர், சுத்தியல், உளி, சாக்பீஸ், நூல், ரசமட்டம், சாரம் கட்டச் சவுக்குக் கம்பு, முட்டுக் கொடுக்கத் தடித்த கம்பு அல்லது இரும்பு ஜாக்கி, அகலப் பலகைகள், பெரிய தார்ப்பாய், கயிறு. தூசிக்கு முகமூடி, கண்ணாடி. தடித்த கையுறை கட்டாயம். ஓட்டுக்கடியில் தேளும் பூரானும் குடித்தனம் நடத்தும்.

ஈரம் அளக்கும் கருவி கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு வழி: சந்தேகமான மரத்தில் சின்னத் துண்டு வெட்டி, சமையலறைத் தராசில் எடை போடுங்கள். அதையே நல்ல வெயிலில் எடை குறைவது நிற்கும் வரை காய வைத்து மறுபடி போடுங்கள். 110 கிராம் இருந்தது 100 ஆனால், வெயிலிலேயே 10 கிராம் தண்ணீர் போயிருக்கிறது. வெயிலில் காய்ந்த மரத்திலும் 10, 12 விழுக்காடு ஈரம் எஞ்சியிருக்கும். ஆக, அந்த மரம் 20-ஐத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

மேலே ஏறும் முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். பழைய வீடுகளில் ஒயர் கைமரத்தின் மேல்தான் ஓடும், அதன் உறை வெடித்திருக்கும்.

3. தண்ணீர் வரும் வழியைத் தேடுங்கள்

சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று தேடாதீர்கள். ஓட்டில் நுழைந்த தண்ணீர் ரீப்பரைப் பிடித்து, கைமரத்தின் அடிப்பக்கம் வழியாகச் சரிந்து, ஆணியோ முடிச்சோ தடுக்கும் இடத்தில்தான் சொட்டும். சொட்டிலிருந்து சரிவின் மேல் நோக்கிக் கறையைத் தொடர்ந்து போங்கள். கறையின் தலைப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் நுழைவு.

பெரும்பாலும் கீழ்க்கண்டவற்றில் ஒன்றாக இருக்கும்.

கூடல்வாய். இரண்டு சரிவின் தண்ணீரும் ஒரே பள்ளத்தில் ஓடுகிறது. வேப்பிலைச் சருகு அடைத்தால் தண்ணீர் பக்கவாட்டில் ஏறி ஓட்டுக்கடியில் போய்விடும். நான் பார்த்த ஐந்து வீடுகளில் நான்கில் முதல் சேதம் இங்கேதான்.

மோட்டு ஓட்டின் சிமெண்ட் பூச்சு. கூரை மரம் வெயிலுக்கும் மழைக்கும் அசைந்துகொண்டே இருக்கும். சிமெண்ட் அசையாது, மயிரிழையாக வெடிக்கும். அந்த வெடிப்பு தண்ணீரை உள்ளே இழுக்கும், ஆனால் காய விடாது. வெடிப்பின் மேலேயே மறுபடி சிமெண்ட் பூசுவது வழக்கமாகிவிட்டது. பழசைச் சுரண்டி எடுக்காமல் பூசியது அடுத்த வெயிலிலேயே விட்டுவிடும்.

குரங்கும் பூனையும் நகர்த்திய ஓடு. இதை வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். நண்பகலில் உள்ளே இருட்டாக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தால் கீற்றுக் கீற்றாகத் தெரியும்.

கைமரத்தின் நுனி சுவருக்குள் போகும் இடம். இதற்குத் தனியாக அடுத்த பகுதியில் வருகிறேன்.

நாட்டு ஓட்டில் இன்னொன்று உண்டு. ஓட்டுக்கிடையே சருகும் மண்ணும் சேர்ந்து, மழை விட்டுப் பல நாள் ஆன பிறகும் ஈரமாகவே இருக்கும். ஓடு உடையாமலே மரம் கெடும். இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஓடு மாற்றும் பழக்கம் விட்டுப்போன வீடுகளில் இதுதான் நடக்கிறது.

4. தட்டிப் பாருங்கள், பிறகு குத்திப் பாருங்கள்

சாரம் கட்டி, ஒவ்வொரு கைமரத்தையும் மோட்டுவளையிலிருந்து சுவர் வரை சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் ‘டங்’ என்று திருப்பிச் சொல்லும். கெட்டது மொத்தென்று அமுங்கும். சத்தம் மாறும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். நல்ல மரத்தில் நுனி மட்டும் பதியும், பெயர்த்தால் நீளமான சிம்பாக வரும். இற்ற மரம் சத்தமில்லாமல் மொட்டையாக முறியும்.

எங்கள் வீட்டில் தாழ்வாரத்துக் கைமரம் ஒன்று பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் அடித்த பழுப்பு எனாமல் பெயிண்ட், ஒரு வெடிப்புக்கூட இல்லை. நான் அதைத் தாண்டிப் போனேன். ஆசாரி நிறுத்தினார். “தம்பி, மேல பாக்காதீங்க, சுவத்துல பூந்த எடத்தப் பாருங்க.” சுவர் ஓரத்தில் பெயிண்ட் லேசாகச் சுருங்கி, ஆறிய பாலின் ஆடை போல இருந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். பிடி வரைக்கும் இறங்கியது, பலமே தேவைப்படவில்லை. வெளியே எடுத்தபோது நுனியில் கருப்பான ஈரத்தூள் ஒட்டியிருந்தது. பெயிண்ட் தோல் மட்டும் அப்படியே நின்றது, உள்ளே மரம் இல்லை.

ஏன் நுனியில்? மரம் தண்ணீரைக் குடிப்பது அறுத்த முகத்தின் வழியாகத்தான். அந்த முகத்தைச் சுவருக்குள் சொருகி, சுற்றிலும் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டால் குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லை. அதனால் நேரம் குறைவாக இருந்தால் மற்ற எதையும் விட நுனிகளை மட்டுமாவது குத்திப் பார்த்துவிடுங்கள்.

கெட்ட இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, ஒரு தாளில் கூரையை வரைந்து, கைமரங்களுக்கு எண் போட்டுக் குறியுங்கள். பத்து மரம் பார்த்ததும் எது எது என்று மறந்துவிடும்.

மரப்பலகை, பிவிசி என்று உள்கூரை அடித்திருந்தால் அதைக் கழற்றாமல் இந்த வேலை முடியாது. மேலே நடப்பது எதுவும் தெரியாமல் மறைப்பதோடு காற்றையும் தடுக்கிறது அது. திரும்ப மாட்டியே ஆக வேண்டும் என்றால் இரண்டு ஓரத்திலும் காற்றுவழி விடுங்கள்.

5. எதை விடுவது, எதை மாற்றுவது

ரீப்பர் கெட்டிருந்தால் யோசிக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

கைமரத்தில் மேல்தோல் மட்டும் கெட்டு, கால் அங்குலம் சுரண்டியதும் கெட்டி மரம் வந்தால் சுரண்டி, காயவைத்து, மருந்தடித்து விடலாம். தேக்கு, வேங்கை மரங்களில் பெரும்பாலும் இப்படித்தான். அவற்றின் வைரம், அதாவது நடுவில் உள்ள கெட்டிப் பகுதி, பூஞ்சைக்குச் சுலபத்தில் இடம் கொடுக்காது, வெளியோரத்து வெளிறு மட்டும் போகும்.

நுனி போய், மீதி கெட்டியாக இருந்தால் பக்கத்தில் புதுக்கை சேர்க்கலாம். நடுவில் இற்றிருந்தாலோ, கனத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தாலோ முழுவதையும் மாற்றுவேன்.

பனங்கையை நான் ஒட்டுப்போடுவதில்லை. பனையின் பலம் வெளிப்பக்கத்துக் கருநாரில் இருக்கிறது, நடுவில் இருப்பது மெத்தென்ற சோறு. அங்கே தண்ணீர் புகுந்தால் வெளியே குச்சி மாதிரி நின்றுகொண்டு உள்ளே குழாயாகிவிடும். எடுத்துவிட்டு முழுக்கையாகப் போடுவதே நல்லது.

மோட்டுவளை, உத்திரம், கூடல்வாய்க்கு அடியில் மூலையாக இறங்கும் பெரிய மரம் ஆகியவை இற்றிருந்தால் நீங்களும் நானும் தொடக் கூடாது. கட்டுமானப் பொறியாளரும் அனுபவமுள்ள ஆசாரியும் வந்து பார்க்கட்டும். மோட்டுவளை தொய்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இரண்டு முனைக்கும் நூல் பிடித்துப் பாருங்கள்.

6. முட்டுக் கொடுத்த பிறகே ஓட்டைத் தொடுங்கள்

சீமை ஓடு (மங்களூர் ஓடு) ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 15 பிடிக்கும். ஓடு ஒன்றுக்கு இரண்டரை கிலோ என்றால் பத்துக்குப் பத்து அடியில் ஏறக்குறைய 350 கிலோ நிற்கிறது. அதைச் சுமக்கும் கைமரங்களில் ஒன்றை உருவினால் பாரம் அடுத்த இரண்டின் மேல் போகும். அவையும் பாதி இற்றவையாக இருக்கலாம்.

மாற்றப்போகும் மரத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள கைமரங்களுக்கு அடியில் குறுக்குக் கட்டை வைத்து முட்டுக் கொடுங்கள். முட்டின் காலுக்கடியில் அகலப் பலகை போடுங்கள், இல்லாவிட்டால் பழைய செங்கல் தளம் அமுங்கும். முட்டு மரத்தைத் தொட்டு இறுகினால் போதும். தொய்ந்த கூரையை ஜாக்கி போட்டுத் தூக்கி நேராக்க ஆசை வரும், வேண்டாம். எத்தனையோ வருடம் மெதுவாகத் தொய்ந்ததை ஒரு மணி நேரத்தில் நிமிர்த்தினால் பொருத்துகள் பிளக்கும், ஓடு வெடிக்கும்.

ஓட்டை மோட்டிலிருந்து கீழ்நோக்கிப் பிரியுங்கள். ஒரு பக்கச் சரிவை முழுசாகக் காலி செய்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். மறுபக்கப் பாரம் மோட்டுவளையைத் தள்ளும். இந்தப் பக்கம் நாலு வரிசை, அந்தப் பக்கம் நாலு வரிசை என்று மாறி மாறி எடுங்கள். ஓட்டின் மேல் கால் வைக்காமல் பலகை போட்டு நடங்கள், இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். அன்று சாயங்காலத்துக்குள் மூட முடிகிற அளவு மட்டும் திறந்தால் போதும்.

7. கெட்டதை வெட்டுங்கள், சுவரைக் காய விடுங்கள்

கண்ணுக்குக் கெட்டது தெரியும் இடத்தோடு நிறுத்தாதீர்கள். பூஞ்சை இழை நிறம் மாறாத மரத்துக்குள்ளும் போயிருக்கும். அதனால் இன்னும் ஒரு அடி சேர்த்து வெட்டுங்கள். வெட்டிய முகம் முழுக்க ஒரே நிறமாக, கெட்டியாக இருந்தால் நிறுத்தலாம். வெட்டிய துண்டுகளை விறகோடு அடுக்காமல் அன்றே அப்புறப்படுத்துங்கள்.

சுவரில் நுனி இருந்த பொந்தைச் சுத்தமாகச் சுரண்டி, திறந்தபடி காய விடுங்கள். ஒரு வாரமாவது வேண்டும். இந்த நாட்களில் மேலே தார்ப்பாய் கட்டிவிட்டு, கூடல்வாயையோ மோட்டையோ முதலில் சரிசெய்துவிடலாம்.

கூடல்வாய்த் தகடு குறைந்தது இரண்டு அடி அகலம் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஓட்டுக்கடியில் நன்றாக நுழைய வேண்டும். மேல்தகடு கீழ்த்தகட்டின் மேல் அரை அடி ஏறி உட்காரட்டும், தலைகீழாகப் போனால் தண்ணீர் நேரே மரத்துக்குப் போகும். பள்ளத்தின் நடுவில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.

8. புது மரத்தைத் தயார் செய்யுங்கள்

காய்ந்த மரம் வேண்டும். அறுத்த கையோடு பச்சையாக வாங்கியது கூரையில் ஏறிய பிறகு முறுக்கும். பழைய வீடு இடித்த இடத்துத் தேக்கு நல்ல தேர்வு, ஆனால் அதன் இரண்டு நுனியையும் குத்திப் பார்த்து வாங்குங்கள். அதுவும் ஒரு சுவருக்குள் இருந்து வந்ததுதான். மாமரம், ரப்பர் மரம் வேண்டாம். விலை குறைவு, ஆனால் வண்டு தேடி வரும்.

மருந்து சுலபமானது. 10 லிட்டர் சுடுதண்ணீரில் 300 கிராம் வெண்காரமும் 200 கிராம் போரிக் அமிலமும் கரையுங்கள். தேவையான அளவுக்கு வெட்டி, துளை போட்டு முடித்த பிறகே அடிக்க வேண்டும். முதலில் அடித்துவிட்டுப் பிறகு வெட்டினால் வெட்டிய முகம் மருந்தில்லாமல் நிற்கும், தண்ணீர் குடிப்பதோ அந்த முகம்தான். நுனியை வாளியில் ஓர் இரவு நிறுத்தி வையுங்கள். மற்ற இடத்தில் தூரிகையால் மூன்று முறை. பழைய நல்ல மரங்களுக்கும் இதையே அடிக்கலாம், கொஞ்சம் ஈரம் உள்ள மரத்தில் இன்னும் ஆழமாக இறங்கும். ஆனால் மழை நேராகப் படும் இடத்தில் கரைந்துவிடும், அங்கே காய்ந்த பிறகு மேலே பெயிண்ட் வேண்டும். வாயில் பட்டால் கெடுதல், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

கழிவு ஆயில் அடிப்பதைப் பலரும் சொல்வார்கள். ஏற்கெனவே ஈரமுள்ள மரத்தில் அது ஈரத்தை உள்ளே பூட்டும், தீ பிடிக்கவும் உதவும். தென்கோடியில் பூசும் முந்திரித் தோல் எண்ணெய் மரத்துக்கு நல்லது, ஆனால் தோலைக் கொப்புளமாக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

9. பொருத்துங்கள்

பக்கத்தில் சேர்க்கும் புதுக்கை, பழையதன் அதே கனம் இருக்க வேண்டும். கெட்டியான பழைய மரத்தோடு குறைந்தது மூன்று அடி ஒட்டி நிற்கட்டும். மூன்று 12 மி.மீ. போல்ட், பெரிய வாஷருடன், ஒரே கோட்டில் இல்லாமல் மேலும் கீழுமாகப் போடுங்கள். ஒரே ரேகையில் மூன்று துளை போட்டால் மரம் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். துருப்பிடிக்காத பூச்சுள்ள போல்ட்டாகப் பாருங்கள்.

நுனியைச் சுவருக்குள் வைக்கும்போது மூன்று பக்கமும் ஓர் அங்குலம் இடைவெளி விடுங்கள். அடியில் மட்டும் கருங்கல் துண்டோ கெட்டியான செங்கல்லோ வைத்து அதன்மேல் உட்காரட்டும். அழகுக்காகக் கொத்தனார் கடைசியில் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுவார், பக்கத்திலேயே நில்லுங்கள். எங்கள் வீட்டில் நான் சாப்பிடப் போன அரை மணி நேரத்தில் இரண்டு பொந்து அடைபட்டுவிட்டது, மறுபடி உடைத்தோம். அணில் புகும் என்று பயந்தால் கம்பிவலை வைக்கலாம்.

ரீப்பர் இடைவெளியைப் புத்தகத்தில் தேடாதீர்கள். உங்கள் ஓட்டில் இரண்டை ஒன்றின்மேல் ஒன்று மாட்டி, ரீப்பரில் மாட்டும் பல்லுக்குப் பல் அளந்து எடுங்கள். ஒவ்வொரு சூளை ஓட்டுக்கும் கொஞ்சம் மாறும்.

10. மூடி, தண்ணீர் விட்டுப் பாருங்கள்

கீழிருந்து மேலாக ஓடு அடுக்குங்கள். இங்கேயும் இரண்டு சரிவும் மாறி மாறி. வெடித்த ஓட்டைத் தட்டினால் கரகரவென்று சொல்லும், அதை ஒதுக்குங்கள்.

முட்டுக் கம்புகளை எடுக்கும் முன் குழாயால் தண்ணீர் விடுங்கள். கீழ் வரிசையில் ஆரம்பித்து, ஒவ்வொரு வரிசைக்கும் பத்து நிமிடம் கொடுத்து மேலே போங்கள். நேராக மோட்டிலிருந்து ஊற்றினால் எந்த வரிசையில் நுழைகிறது என்று தெரியாது. உள்ளே ஒருவர் டார்ச்சோடு நிற்க வேண்டும். சரி என்றால் அடுத்த நாள் முட்டுக் கம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.

முதல் பெருமழை அன்று மறுபடி கூரையைப் பாருங்கள். சாக்பீஸ் குறிகளை அழிக்காமல் வைத்திருந்தால் அதே இடங்களைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். அதற்குப் பிறகு வருடா வருடம் புரட்டாசிக் கடைசியில் கூடல்வாய்ச் சருகை அள்ளிவிட்டு, சுவரோர நுனிகளை ஸ்க்ரூடிரைவரால் ஒரு சுற்று குத்திப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதற்கு அரை நாள் பிடிக்கிறது.